பத்துக்கு ஐந்து வாங்கிய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தம்பி, ஜூலையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் டெக்சஸில் இருக்கும் பிளேனோ நகருக்கு வருகிறீர்கள், பெண் இரண்டாம் வகுப்பில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்த்து வைத்திருக்கும் அபார்ட்மென்டுக்கு உரிய எலிமென்டரி ஸ்கூலுக்கு இணையதள ரேட்டிங் பத்துக்கு ஐந்துதானாம், பிள்ளைகளில் பாதிக்கு மேல் வசதி குறைந்தவர்களாம். வாடகை கூடினாலும் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் ஒன்பது வாங்கிய பள்ளிப் பக்கம் போய்விடலாமா என்பது உங்கள் கேள்வி.

நாங்கள் 2011இல் வந்தபோது ஒன்பதைத் தேடிப் போனவர்கள். இரண்டு வருடத்தில் கூட்டம் தாங்காமல் மைதானத்தில் தற்காலிக வகுப்பறைகள் வந்து நின்றன. மூன்றாம் வருடம், எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையை மாற்றி வரைந்தார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டது. வாடகை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். டெக்சஸில் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எலிமென்டரி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆக மூன்று வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை வைத்து மொத்தப் பள்ளிக்கும் ஒரு எண். உங்கள் பெண் படிக்கப் போகும் இரண்டாம் வகுப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, ஸ்டார் தேர்வின் முடிவில் 'அப்ரோச்சஸ்' என்ற நிலை இருந்தால் தேறியாயிற்று என்று அர்த்தம், ஆனால் வகுப்பின் தரத்தை எட்டியதாக ஆகாது. அதற்கு 'மீட்ஸ்', அதற்கும் மேலே 'மாஸ்டர்ஸ்'. தொண்ணூறு சதவீதம் தேர்ச்சி என்று யாராவது சொன்னால், எந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

வசதி குறைந்தவர்கள் என்ற கணக்குக்கு வருவோம். பெரும்பாலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகளைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தத் தகுதி உண்டு. பெற்றோர் இரண்டு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் இதில் வரும். இந்தச் சதவீதம் ஏற ஏற ரேட்டிங் இறங்குவதுதான் வழக்கம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, ட்யூஷனுக்குப் பணம் இல்லை. எதிர்ப்பக்கம் நம்மவர்கள் குவிந்திருக்கும் பள்ளியைப் பாருங்கள்: வாரத்துக்கு இரண்டு நாள் கணக்கு ட்யூஷன், கோடையிலும் ட்யூஷன். அந்த ஒன்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பெற்றோரின் கிரெடிட் கார்டின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

அதனால் என் வழி தலைகீழ். மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் டி.ஏ.பி.ஆர் என்று ஒரு வருடாந்திர அறிக்கை போடுகிறது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைகளின் முடிவை இனவாரியாக, வசதிவாரியாகப் பிரித்திருப்பார்கள். வசதி குறைந்த பிள்ளைகளின் பத்தியை எடுத்து, அதில் 'மீட்ஸ்' எவ்வளவு என்று பக்கத்துப் பள்ளிகளோடு ஒப்பிடுங்கள். வீட்டு உதவி இல்லாத பிள்ளை எந்தப் பள்ளியில் மேலே வருகிறதோ, அங்கே வகுப்பறையில் உண்மையாகவே பாடம் நடக்கிறது. மாநிலம் போடும் ஏ முதல் எஃப் வரையான கிரேடிலும் இதே மாதிரி ஒரு பகுதி உண்டு; வறுமை அளவில் ஒத்த பள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டுப் போடுவது. மொத்த கிரேடை விட அதைத்தான் நான் பார்ப்பேன்.

ஏஷியன் என்ற பத்தியைப் பார்த்து நம் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். சீனர், வியட்நாமியர், கொரியர், நாம் எல்லாரும் அதில்தான். மிகச் சிறிய குழு என்றால் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். தப்பாக எதுவும் இல்லை.

வருடத்தின் நடுவில் வந்து போகிற பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்ற கணக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது. அபார்ட்மென்ட் நிறைந்த பகுதியில் அது கூடுதலாக இருக்கும். தோழி நவம்பரில் காணாமல் போனால் பிள்ளைக்குக் கஷ்டம்தான். ஆனால் நடுவில் வருகிற பிள்ளையை வரவேற்றுப் பழகிய ஆசிரியர்களும் அங்கேதான் அதிகம். உங்கள் பெண்ணும் புதிதாக வருகிறவள்தானே.

அப்புறம் வீட்டு மொழிப் படிவம். சேர்க்கும்போது வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்குத் தனி உதவி கொடுப்பார்கள். அதற்குப் பயந்து, கொஞ்சம் கௌரவமும் சேர, நான் இங்கிலீஷ் என்று எழுதினேன். மகன் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிற பிள்ளை என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார். புரியவில்லை என்று அவன் என்னிடம் சொன்னது கிறிஸ்துமஸ் விடுமுறையில். அந்த உதவி பாவப்பட்ட பிள்ளைகளுக்கான வகுப்பு இல்லை. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாவ் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு பள்ளிகளுக்கு அது கடமை. தமிழ் என்றே எழுதுங்கள்.

ஆக, அந்த ஐந்து வாங்கிய பள்ளியை ரேட்டிங்கை மட்டும் பார்த்து ஒதுக்க மாட்டேன். ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்வேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கதவு எண் வரை கொடுத்து, எந்தப் பள்ளி என்று பள்ளி டிஸ்ட்ரிக்ட்டின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். வாடகை அலுவலகத்தில் சொல்வது போன வருடத்து நிலவரமாக இருக்கலாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததால் பிளேனோவிலேயே 2024இல் முடிவெடுத்து, அடுத்த வருடக் கோடையோடு இரண்டு எலிமென்டரியையும் இரண்டு மிடில் ஸ்கூலையும் மூடினார்கள். பள்ளியில் சேர்க்கும்போது கேட்கும் தடுப்பூசிச் சான்றை மட்டும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.