சினாய் மடாலயத்தின் வயதுக்குச் சான்று

வணக்கம். எகிப்தின் சினாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடாலயத்தை 6ஆம் நூற்றாண்டினது என்கிறார்களே, மணிக்கோபுரம் அவ்வளவு புதிதாகத் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஐயம் நியாயமானதே. அந்தக் கோபுரம் 1871இல்தான் எழுந்தது. ஆனால் பேராலயமும், பலமுறை பழுதுபார்க்கப்பட்ட கருங்கல் மதிலும் 6ஆம் நூற்றாண்டில் ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டீனியன் காலத்தவை.

இதற்கு உறுதியான சான்று கூரை உத்தரங்களிலேயே இருக்கிறது. அவற்றில் செதுக்கியுள்ள கிரேக்க எழுத்துகள் ஜஸ்டீனியனை வாழ்பவராகவும் அரசி தியோடோராவை மறைந்தவராகவும் குறிப்பதால், அரசி இறந்த 548க்கும் அரசர் இறந்த 565க்கும் இடையில் கூரை அமைந்தது என்று கணிக்க முடிகிறது. இன்னோர் உத்தரத்தில், அய்லா (இன்றைய ஜோர்டானின் அகபா) நகரத்துக் கட்டடக் கலைஞர் ஸ்டெஃபனோஸ் இறந்துபோன தம் பிள்ளைகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுகிறார். என்னை மிகவும் உருக்கிய வரி அது. பிற்காலத்தில் அடித்த மரப்பலகை விதானம் மறைப்பதால், கீழிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த உத்தரங்கள் தென்படுவதில்லை.