பாதத்து எலும்புல மயிரிழை வெடிப்பு: கேள்வியும் பதிலும்

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, பிறந்து வளர்ந்தவ, அம்மா கொழுந்து எடுத்தவங்க. விழாம அடிபடாம, நடந்து நடந்தே பாதத்துலயும் கணுக்கால்லயும் எலும்பு வெடிக்கிற ஸ்ட்ரெஸ் ஃப்ரெக்சர் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளுக்கு பதில் கீழ, கேட்டவங்க ஊர் பேர் முன்னால.

மஸ்கெலியா: அக்கா, சிவனொளிபாதமலை போய் வந்து 10 நாள் ஆச்சு. பாதத்துக்கு மேல வீக்கம், நடந்தா வலி, உட்கார்ந்தா குறையுது. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க.

எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலங்கிறதுக்காக எலும்புல ஒண்ணுமில்லன்னு ஆகாது தங்கச்சி. மொத ரெண்டு மூணு வாரம் அந்த வெடிப்பு மயிர் மாதிரி மெல்லிசா இருக்கும், படத்துல விழாது, அப்புறம் எலும்பு தன்னை ஒட்டிக்க புது எலும்பு வளர்த்து சின்ன மேடு கட்டும் பாருங்க, அப்பதான் தெரியும். உடனே தெரியணும்னா எம்.ஆர்.ஐ.தான். நீங்க இப்ப ஒத்த விரலால ரெண்டாவது மூணாவது கால் விரலுக்கு நேர் மேல, பாதத்து எலும்பு மேலயே மெதுவா அமுக்கிட்டு வாங்க. தசை வலின்னா அங்கயும் இங்கயும் பரவலா வலிக்கும். இது அப்படியில்ல, ஒரு இடத்துல சுரீர்னு இழுக்கும், விரல அரை அங்குலம் தள்ளினா ஒண்ணுமிருக்காது. அப்படி இருந்தா வெடிப்புன்னு நினைச்சே நடந்துக்கோங்க. நல்லதண்ணி பக்கமா ஏறினா 5,000க்கு மேல படி, வருஷத்துக்கு ஒருக்கா போற கால் அதுக்குப் பழகியிருக்காது. 1855லயே பிரஷ்ய ராணுவத்து டொக்டர் ஒருத்தர் மார்ச் பண்ற சிப்பாய்ங்க பாதம் இப்படி வீங்குறத எழுதி வச்சிருக்காரு, அப்ப எக்ஸ்ரேயே கிடையாது, அது வந்தது 1895ல.

அடி மடங்காத சப்பாத்து இல்லன்னா ஆஸ்பத்திரில தர்ற பூட், அதிகம் நடக்காம 6லருந்து 8 வாரம். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே கேளுங்க. சூடு எண்ணெய் போட்டு உருவவே கூடாது.

பண்டாரவளை: காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது குதிகால் உயிர் போகுது, நடக்க நடக்க சரியாகிடுது.

அது அனேகமா அடிப்பாதத்து சவ்வு வலி. வெடிப்புன்னா நடக்க நடக்க வலி கூடும். குதிகால ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்திப் பிடிங்க, அப்ப பயங்கரமா வலிச்சா காட்டுங்க.

பொகவந்தலாவ: எனக்கு 49 வயசு, கொழுந்து எடுக்கிறேன். ஒரு மாசமா பாதம் வலி. வீட்டுல இருந்தா பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் இல்ல, என்ன செய்றது?

அக்கா, இந்தக் கேள்விய நான் சின்ன வயசுலருந்து கேட்கிறேன். எங்கம்மா பாதத்துல துணி சுத்திக்கிட்டு மூணு மாசம் கொழுந்து மலைக்குப் போனாங்க, அரைப்பேர் ஆகிடும், அரை நாள் சம்பளம்தான் விழும்னு பயம். சாயந்தரம் துணிய அவுக்கும்போது துணித் தடம் பள்ளமா பதிஞ்சிருக்கும், அந்த வீக்கம் இன்னும் கண்ணுல நிக்குது. கடைசில அந்த எலும்பு முழுசா ஒடிஞ்சுதான் நின்னாங்க, ஆறு வாரத்துல முடிய வேண்டியது அரை வருஷமாச்சு. அதனால தோட்டத்து டிஸ்பென்சரில காட்டி பெரியாஸ்பத்திரிக்கு துண்டு வாங்குங்க, சரிவுல ஏறி இறங்காத வேலையா தரணும்னு டொக்டர்கிட்ட எழுத்துல கேளுங்க. மாதவிடாய் நின்ன வயசுல எலும்பு பலம் குறையும், கல்சியம், விட்டமின் டி பத்தியும் கேளுங்க. நெத்தலிய முள்ளோட சாப்பிடுங்க.

கொத்மலை: இதுக்கெல்லாம் எதுக்கு பூட்? எலும்பு முறிவுக்குக் கட்டுற நாட்டு வைத்தியர், கடும் பிந்தும் வெதமாத்தயாகிட்ட எண்ணெய் போட்டுக் கட்டினா ஏழு நாள்ல நடக்கலாம். நான் நடந்தேன்.

அண்ணா, அவரு கட்டுற கட்ட நான் குறை சொல்லல. மூங்கில் பத்தை வச்சு ஆடாம கட்டுறது நல்ல வேலை, எங்க பூட்டும் அதைத்தான் செய்யுது. உருவுறதுதான் பிரச்சினை. புதுசா வளர்ற எலும்பு ஆரம்பத்துல மெத்துன்னு இருக்கும், அதுமேல கட்டைவிரல வச்சு அழுத்தினா திரும்ப விலகும்.

கொத்மலை: அப்ப எனக்கு எப்படி வலி போச்சு?

ஏழு நாள் நீங்க நடக்கல, அதனால போச்சு. வலி சீக்கிரம் போயிடும், எலும்பு ஒட்ட நாளாகும்.

நாவலப்பிட்டி: அண்ணன் சொல்றது சரிதான், எங்க தாத்தாவும் கட்டுவாரு. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பஸ்ல போய் வந்தா அன்னைக்கு சம்பளம் போச்சே?

அது உண்மை, அத நான் மறுக்கல, நானே அந்த வரிசையில நின்னவதான். தாத்தாகிட்ட கட்டுங்க, ஆனா உருவ வேணாம்னு சொல்லுங்க, ஆறு வாரம் பாரம் தூக்காதீங்க. பாதத்து வெளி ஓரம், இல்லன்னா கணுக்காலுக்கு கீழ பாதத்து மேல்பக்கம் நடுவுல வலின்னா மட்டும் வீட்டுல வச்சிருக்காதீங்க. அங்க ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டாமலே போகலாம்.

கொத்மலை: சரி, உருவாம கட்டச் சொல்றேன்.

நன்றி அண்ணா. மத்தவங்களுக்கும் சொல்லுங்க.

தலவாக்கலை: மகளுக்கு 16, ஸ்கூல்ல 3,000 மீட்டர் ஓடுறா. பாதத்து மேல நடுவுல வலி. மெலிஞ்சிட்டா, அஞ்சு மாசமா மாதவிடாயும் வரல.

இன்னைக்கே ஓட்டத்த நிறுத்துங்க. நீங்க சொல்ற இடம் நேவிகுலர் எலும்பு, நான் மேல பயமுறுத்தின இடம் அதுதான். சாதா எக்ஸ்ரேல தப்பிடும், சி.டி. இல்லன்னா எம்.ஆர்.ஐ. வேணும், எலும்பு டொக்டர் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க. வெடிப்புன்னு உறுதியானா 6லருந்து 8 வாரம் அந்தப் பாதத்த தரையிலயே வைக்காம கட்டும் ஊன்றுகோலும், சில பேருக்கு ஒப்பரேஷன். மாதவிடாய் நிக்கிறத ஓடுற பிள்ளைக்கு சகஜம்னு விட்டுடாதீங்க, அவ சாப்பிடுறது ஓட்டத்துக்கே பத்தல, எலும்புக்கு மிச்சமில்லன்னு உடம்பு சொல்லுது. அதையும் டொக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க. காலையில வெறும் டீயோட கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க.

கினிகத்தேன: எக்ஸ்ரே கிளியர், கிரிக்கெட் விளையாடலாமா?

மஸ்கெலியாவுக்கு எழுதினதப் படிங்க.

வெலிமட: முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம்?

அது வேற விஷயம், இங்க வேணாம்.

ராகலை: அப்பாவுக்கு 20 வருஷமா சீனி வருத்தம். ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கி சூடா இருக்கு, வலியே இல்லங்கிறாரு.

வலி இல்லாததுதான் பயம். சீனில நரம்பு செத்திருந்தா எலும்பு நொறுங்கினாலும் தெரியாது, பாதமே உருக்குலையும். இல்லன்னா உள்ள கிருமி பிடிச்சிருக்கலாம். நாளைக்குன்னு வைக்காதீங்க, அந்தப் பாதத்த ஊன விடாம இப்பவே ஆஸ்பத்திரிக்கு.

ஹப்புத்தளை: எக்ஸ்ரே நல்லாருக்கு, வலி மாத்திரை டிக்ளோபெனாக் போட்டு தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து வேலைக்குப் போறேன், பரவாயில்லையா?

பரவாயில்லன்னு நான் சொல்லவே மாட்டேன். மூணாவது தடவையா எழுதுறேன், எக்ஸ்ரே கிளியர்னா எலும்பு கிளியர்னு இல்ல. டிக்ளோபெனாக் வலிய மூடும், வெடிப்ப மூடாது, எலும்பு ஒட்டுறதையும் தாமதப்படுத்தலாம். வலிக்கு பரசிட்டமோல் போதும்.

மஸ்கெலியா: அக்கா, அமுக்கிப் பார்த்தேன், மூணாவது விரலுக்கு மேல ஒரே இடம்தான். பூட் வாங்கிட்டேன். திரும்ப எப்ப நடக்கலாம்?

நல்ல காரியம். அமுக்கினா வலிக்காம, வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடந்தாலும் வலிக்காம ஒரு வாரம் போகட்டும். அப்புறம் சமதரையில 10 நிமிஷம், மறுநாள் வலி இல்லன்னாதான் கொஞ்சம் கூட்டணும். அடுத்து ஏத்தம். இறக்கம் கடைசிதான், அதுல ஒவ்வொரு அடியும் பலமா விழும். வலி எட்டிப் பார்த்தா ரெண்டு நாள் நிறுத்தி, முந்தின அளவுலருந்து ஆரம்பிங்க.