பதிவேட்டைத் திருத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லின் நிகழ்வுப் பதிவேட்டை வாசிக்கும் பகுதிக்கு ஒரு சிறிய மாற்றம் எழுதி அனுப்பினேன். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் தரும் ஒவ்வொரு நீளத்தையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபர்ம்வேர் கெர்னலுக்கு முன்பே ஓடி முடிந்துவிட்டது. அது கெட்டுப்போயிருந்தால் எல்லாமே போயிற்று. அப்படியிருக்க இந்தச் சோதனை வெறும் சடங்குதானே? சந்தேகம் இருந்தால், பதிவேட்டைச் சில்லிலுள்ள மதிப்புகளோடு கெர்னலே ஒப்பிட்டு, பொருந்தாத இடங்களைச் சரிசெய்து கொடுத்துவிடலாமே? இதையெல்லாம் ரஸ்ட் மொழியில் எழுதினால் தொல்லை தீராதா?

தி.

அன்புள்ள தி.,

ரஸ்ட் உதவும். எல்லை தாண்டி வாசிப்பதை அது தடுக்கும். ஆனால் பதிவேட்டின் தலைப்பு என்று நம்பி நீங்கள் வாசித்தது தலைப்பே இல்லை என்பதை எந்த மொழியும் உங்களுக்குச் சொல்லாது. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

சில வாரங்களாக நானும் ஒரு பழைய கணினியின் பதிவேட்டை பைட் பைட்டாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் ‘சடங்கு’ என்றிருந்தது சுருக்கென்று தைத்தது. ‘சரிசெய்து’ என்றிருந்ததோ கோபத்தையே கிளப்பிவிட்டது.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியை இயக்கியதும் ஃபர்ம்வேர், தான் அடுத்து ஓட்டப்போகும் நிரல்களையும் முக்கியமான அமைப்புகளையும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) எடுத்து, டிபிஎம் சில்லிலுள்ள பிசிஆர் என்னும் பதிவகங்களில் சேர்க்கிறது. பழைய மதிப்பையும் புதிய ஹாஷையும் ஒட்டி, மறுபடி ஹாஷ் எடுத்து வைப்பதுதான் சேர்ப்பது. அதனால் கடைசியில் நிற்கும் மதிப்பை மட்டும் பார்த்து என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எதை எந்த வரிசையில் சேர்த்தோம் என்ற பட்டியலைச் சாதாரண நினைவகத்தில் ஃபர்ம்வேர் எழுதி வைக்கிறது. அதுதான் நிகழ்வுப் பதிவேடு. அதற்குப் பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. யாராவது கை வைத்தால், மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும்போது சில்லின் மதிப்போடு ஒத்துவராது. அதன் பலம் அவ்வளவுதான்.

ஃபர்ம்வேர் கெட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்கிறீர்கள். சரி. ஆனால் தம்பி, வஞ்சகமான ஃபர்ம்வேரை நான் பார்த்தது அபூர்வம். கவனக்குறைவான ஃபர்ம்வேரைத்தான் திரும்பிய பக்கமெல்லாம் பார்க்கிறேன். 2020இல் லினக்ஸில் சரிசெய்யப்பட்ட ஒரு பிழையைப் பாருங்கள். ஒரு மடிக்கணினியில் டிபிஎம் இயங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இயங்குதளத்தின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 2.0 வடிவத்துப் பதிவேடு இருப்பதாக ஃபர்ம்வேர் சொன்னது. அந்த வடிவத்தில் முதல் பதிவு தலைப்பாக இருக்க வேண்டும். எத்தனை வகை ஹாஷ்கள், ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்பதைத் தலைப்புதான் சொல்கிறது. அது தெரியாமல் அடுத்த பதிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்த மடிக்கணினியில் முதல் இடத்தில் இருந்ததோ ஒரு சாதாரண நிகழ்வு. கெர்னல் அதைத் தலைப்பென்று நம்பி, கிடைத்த குப்பையை எண்ணாக எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்ததைப் பொறுத்து, ஒன்றுமே நடக்காதது போலவும் இருக்கும், கணினி விழவும் செய்யும், உறைந்தும் நிற்கும்.

அதற்கு எழுதப்பட்ட தீர்வு சில வரிகள்தான். பிசிஆர் எண் 0 ஆக இருக்கிறதா, நிகழ்வின் வகை ‘செயல் இல்லை’ என்பதுதானா, 20 பைட் ஹாஷ் முழுக்கப் பூஜ்யமா, தலைப்புக்குரிய அடையாள எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இதையா சடங்கு என்கிறீர்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் வாசிக்கும் பைட்டுகள் ஃபர்ம்வேர் எழுதியவைதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்? யுஇஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேர் தரத்தைப் பின்பற்றும் கணினிகளில் லினக்ஸின் தொடக்க நிரல் பதிவேட்டை ஃபர்ம்வேரிடம் கேட்டு வாங்கி, நினைவகத்தில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கிறது. ஓடும் கெர்னலிலிருந்து இன்னொரு கெர்னலுக்கு நேரடியாகத் தாவும் கெக்ஸெக் முறையில், அந்த இடம் ஒதுக்கப்பட்டது என்ற தகவல் புதிய கெர்னலுக்குப் போய்ச் சேரவில்லை. பதிவேட்டின் மேல் வேறு எதுவும் எழுதப்படலாம் என்ற நிலை. 2024இல்தான் அந்த நகலை வேறு வகை நினைவகத்துக்கு மாற்றினார்கள். இதில் ஃபர்ம்வேரின் குற்றம் எங்கே இருக்கிறது? 2019இல் திருத்தப்பட்ட இன்னொரு பிழையில், பதிவு ஒரு நினைவகப் பக்கத்தின் எல்லையைத் தாண்டியதும் கெர்னல் பழைய பக்கத்தை விடுவித்துவிட்டு, அதிலிருந்த எண்ணிக்கையையே மறுபடி வாசிக்கப்போனது. எண்ணிக்கையை முன்பே எடுத்து வைத்துக்கொள்வதுதான் அதற்குத் தீர்வாக இருந்தது.

இனி இரண்டாவது கேள்வி. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், புதிதாக வந்த சர்வர்கள் எல்லாம், கணினியை நம்பலாமா என்று வெளியிலிருந்து சரிபார்க்கும் தொலைச்சோதனையில் தோற்றன. பதிவேட்டைக் கணக்கிட்டால் வரும் மதிப்பும் சில்லிலிருந்த பிசிஆர் 0 மதிப்பும் ஒத்துவரவில்லை. எங்கள் குழுவில் ஒரு மூத்த பொறியாளர் இருந்தார். ‘அக்கா’ என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் பதிவேட்டைப் பதினாறை அடிமானமாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண்களாக அச்சிட்டு வாங்கி, பென்சிலால் பிரித்துக்கொண்டே போவார். முதல் 4 பைட் பிசிஆர் எண். அடுத்த 4 வகை. பிறகு 20 பைட் ஹாஷ், அதன்பின் 4 பைட் நீளம். முப்பத்திரண்டு பைட் தாண்டியதும் 53 70 65 63 20 49 44 என்று வரும் இடத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவார். அடையாள எழுத்துகள் அங்கேதான் தொடங்குகின்றன. பக்கத்தில் உட்கார வைத்து எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் நான் பென்சிலைத்தான் எடுக்கிறேன்.

காரணத்தை அவர்தான் கண்டுபிடித்தார். பிசிஆர் 0 எப்போதும் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில்லை. சில்லு மூன்றாம் அணுகல் நிலையிலிருந்து (லோக்காலிட்டி 3) தொடங்கப்பட்டால் அதன் கடைசி பைட் 3 ஆக இருக்கும். அதைப் பதிவேட்டில் ஒரு ‘செயல் இல்லை’ நிகழ்வாகக் குறித்து வைக்க வேண்டும். இந்த வகை நிகழ்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் வாசிக்காமலும் விடக் கூடாது. அந்த சர்வர்களின் ஃபர்ம்வேர் அந்த ஒரு பதிவை எழுதாமல் விட்டிருந்தது. 3இல் தொடங்கிக் கணக்கிட்டதும் எல்லாம் பொருந்திவிட்டன.

உடனே மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. விடுபட்ட பதிவை நம் கெர்னலே சேர்த்துவிட்டால் என்ன? திரையில் எல்லாம் பச்சையாகிவிடும், வாடிக்கையாளருக்கும் நிம்மதி. அக்கா மறுத்துவிட்டார். “சாட்சியின் வாக்குமூலத்தை, விசாரிக்கப்படுகிறவனே எழுதிக் கொடுக்கலாமா?” என்று கேட்டார். அறையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மாடல் கணினிக்கான விலக்கை, பதிவேட்டைச் சோதிக்கும் தரப்பில், காரணத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்தோம். தயாரித்தவர்களுக்கும் தெரிவித்தோம். அதற்காக அவர் அந்த ஆண்டு பதவி உயர்வை இழந்தார் என்பது எனக்குத் தெரியும். இன்றுவரை அதை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் கேட்பதும் அதே யோசனைதான். கெர்னல் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் நீதிபதி அல்ல. ஹாஷ் எடுத்து அளக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. கெட்டுப்போன கெர்னல் ‘ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி’ என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? ஒப்பிட வேண்டியவர் வெளியே இருக்கிறார். சில்லு தன் சாவியால் கையொப்பமிட்டுத் தரும் பிசிஆர் மதிப்புகளையும், பழைய பதிலையே திருப்பித் தராமலிருக்க அவர் அனுப்பிய ஒருமுறை எண்ணையும், பதிவேட்டையும் வைத்துக்கொண்டு அவரே கணக்கிடுகிறார். அவர் கையில் கிடைக்கும் பதிவேடு, பிழையோடு இருந்தாலும், எழுதப்பட்டபடியே இருக்க வேண்டும். நீங்கள் ஒரு பைட்டைச் ‘சரிசெய்தால்’, கவனக்குறைவுக்கும் தாக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது தடயத்தை அழிப்பதுதான்.

கெர்னல் பார்க்க வேண்டியது வடிவத்தை மட்டுமே. நீளம் மீதியிருக்கும் இடத்துக்குள் அடங்குகிறதா, ஹாஷ் வகை தலைப்பில் சொல்லப்பட்டதுதானா, அவ்வளவுதான். அடங்கவில்லை என்றால் ‘ஃபர்ம்வேர் பிழை’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, பதிவேடு இல்லை என்று கைவிரிக்க வேண்டும். பாதியை ஒட்டுப்போட்டுக் கொடுக்கக் கூடாது. பதிவேடு இல்லை என்பதற்காகக் கணினியையோ சில்லின் மற்ற வேலைகளையோ நிறுத்தவும் கூடாது. ஒரு காலத்தில் பதிவேட்டை வாசிக்க முடியாவிட்டால் சில்லைக் கையாளும் கெர்னல் பகுதியான டிபிஎம் இயக்கியே தோற்றுப்போகும். அணைத்து வைக்கப்பட்ட சில்லில் பதிவேடு காலியாக இருப்பது இயல்பு. ஆனால் அந்தத் தோல்வியால், சில்லை இயங்குதளத்திலிருந்து இயக்கும் வழியும் சேர்ந்தே அடைபட்டது. 2020இல் அதையும் மாற்றினார்கள்.

உங்கள் மாற்றத்துக்கு வருகிறேன். நிகழ்வின் நீளம் 4 பைட் எண். அது 400 கோடிக்கு மேலும் சொல்லலாம். ஆகவே தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டி எல்லையோடு ஒப்பிடாதீர்கள். 32 பிட் கணினியில் கூட்டல் சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிவிடும், சோதனையும் ஏமாந்துவிடும். எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, மீதியோடு நீளத்தை ஒப்பிடுங்கள். நீளத்தை ஒரே முறை வாசித்து உள்மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகளின் எண்ணிக்கை 0 என்றால் உள்ளே போகவே போகாதீர்கள். பதிவேட்டை வாங்கிய பிறகு நடப்பவற்றைக் குறிக்கும் இறுதிப் பதிவுகளுக்கான அட்டவணையில் எண்ணிக்கை 0 ஆகவும் மீதியெல்லாம் குப்பையாகவும் தரும் கணினிகள் இருக்கின்றன.

திருப்பி அனுப்பியவர் உங்களை அவமதிக்கவில்லை. தன் நேரத்தைச் செலவழித்து உங்கள் வரிகளை ஒழுங்காகப் படித்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்லி, இந்த வாரமே மறுபடி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன்.