ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு வாரம் கழித்து மஞ்சள் காமாலை வருமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 5 வயது மகனுக்குக் காது வலிக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனிக் ஆசிட் சிரப் கொடுத்தோம். கோர்ஸ் முடிந்து இரண்டு வாரமாகிறது, இப்போது கண் மஞ்சளாக இருக்கிறது, உடம்பெல்லாம் சொறிகிறான். அந்த மருந்தாலா? மெடிக்கல் ஷாப்பில் லிவர் டானிக் கொடுத்திருக்கிறார்கள், தரலாமா?

பதில்: டானிக்கைத் திறக்காதீர்கள். கண் மஞ்சளாகிவிட்டதால் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பையன் விடாமல் வாந்தி எடுத்தாலோ, மந்தமாகத் தூங்கியே கிடந்தாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரி.

மருந்தாலும் இருக்கலாம். இந்தக் கூட்டு மருந்தின் பாதிப்பு கடைசி டோஸுக்குப் பல வாரம் கழித்தும் தலைகாட்டும், அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இது அபூர்வம். நம் ஊரில் இந்த வயதில் காமாலை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ். லிவர் டெஸ்ட், ஹெபடைடிஸ் ஏ, ரத்தம் உறையும் நேரம், இந்த மூன்றிலிருந்து ஆரம்பித்தால் போதும், மேற்கொண்டு வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும். வாசலிலேயே பிடித்து 'ஃபுல் பாடி பேக்கேஜ்' என்று தள்ளிவிடும் லேப் ஏஜென்டுகளிடம் மாட்டாதீர்கள், அதில் பாதி உங்கள் பையனுக்குத் தேவையே இல்லை. சிரப் பாட்டிலோடு, காய்ச்சலுக்குக் கொடுத்த பாராசிட்டமால் பாட்டிலையும் எடுத்துப் போங்கள், 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250-உம் உண்டு, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் டோஸ் இரட்டிப்பாகிவிடும், அதுவும் கல்லீரலைத்தான் அடிக்கும். சீட்டு கேட்காமல் ஆன்டிபயாடிக்கை எடுத்து நீட்டும் கடைகளை என்ன சொல்வது, சட்டம் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

மருந்துதான் காரணம் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். ஆனால் ஒன்று, இந்தப் பிள்ளைக்கு மட்டும் இந்தக் கூட்டு மருந்து இனி ஒருபோதும் கூடாது. மற்றவர்களுக்கு இது நல்ல மருந்துதான். பிராண்ட் பெயரை நினைவில் வைத்துப் பயனில்லை, இதே சரக்கு எத்தனையோ பெயர்களில் விற்கிறது, லேபிளில் பொடி எழுத்தில் 'பொட்டாசியம் கிளாவுலனேட்' (கிளாவுலனிக் ஆசிட்டைத்தான் இப்படிப் போடுவார்கள்) என்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கமாக வம்பு அதில்தான். வெறும் அமாக்சிசிலின் தரலாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார், கடைக்காரர் அல்ல. ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அடுத்த டாக்டர் கேட்கமாட்டார், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.