வாங்குமுன் கேளுங்கள்: சாகச விமானத்துக்கு எந்த இன்ஜின்?

ரிமோட் விமானங்களைப் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த முறை முழுக்க அதுதான். இடம் போதாததால் எல்லாவற்றையும் நறுக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்று பக்கம் எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: ட்ரெயினர் (புதியவர்கள் பழகும் விமானம்) ஓட்டிப் பழகிவிட்டேன். அடுத்து ஒரு ஏரோபேட்டிக் (சாகச) மாடல் வாங்கியிருக்கிறேன். பெட்டியில் இன்ஜின் '40 முதல் 55 வரை' என்று போட்டிருக்கிறது. 46 போதுமா, 55 போடவா? – செ.வ., கோவை

இறக்கை நீளம் எழுதியிருக்கிறீர்கள், மேலே ஒட்டிய ஃபிலிம் என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். எடையை எழுதவில்லையே! அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. இந்த எண் இன்ஜினின் கொள்ளளவு. 46 என்றால் 0.46 கன அங்குலம், அதாவது சுமார் 7.5 சி.சி. 55 என்றால் 9 சி.சி., 61 என்றால் 10 சி.சி. பெட்டியில் போட்டிருக்கும் எடை, கைதேர்ந்த ஒருவர் பசையைச் சிக்கனமாகத் தடவிக் கட்டியபோது வந்த எடை. நாம் கட்டினால் எப்பாக்ஸி வழியும், சக்கரத்தைப் பெரிதாக்குவோம், பேட்டரியையும் பெரிதாக்குவோம். கால் கிலோ சாதாரணமாக ஏறிவிடும்.

சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்), பேட்டரி எல்லாம் பொருத்திவிட்டு, எரிபொருள் ஊற்றாமல் சமையலறைத் தராசில் வையுங்கள். இன்ஜின் இன்னும் வாங்கவில்லை என்றால் அதற்கும் சைலன்சருக்கும் சேர்த்து அரைக் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 2.4 கிலோவுக்குள் இருந்தால், லூப், ரோல், ஸ்டால் டர்ன் போன்ற சாகசங்கள் எல்லாவற்றுக்கும் 46 தாராளம். 2.5-ஐத் தாண்டிவிட்டால் 55. ஓ.எஸ். கம்பெனியின் 46ஏஎக்ஸ், 55ஏஎக்ஸ் இரண்டுக்கும் மவுன்ட் துளைகள் ஒன்றுதான், இன்ஜின் எடையில் 30 கிராம்தான் வித்தியாசம். கையில் காசு இருந்தால் 55 வாங்கிப் பாதி த்ராட்டிலில் ஓட்டுங்கள்.

'அப்படியானால் 61-ஐயே போட்டுவிடலாமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டேன். மூக்கு தொங்கியது. சரிக்கட்ட வாலில் ஈயம் ஒட்டினேன். கடைசியில் இறங்கும்போது வேகத்தைக் குறைத்தால் ஒரு பக்க இறக்கை சாய்ந்துவிடும். வேகமாகவே இறக்கி, லேண்டிங் கியரை இரண்டு தடவை பிடுங்கினேன்.

கே: ட்ரெயினரைத் தனியாகவே இறக்கிவிட்டேன். நேரடியாக 100 சி.சி. பெட்ரோல் விமானத்துக்குப் போகலாமா? – ஆ., சேலம்

கூடாது, தம்பி. அதில் சுற்றுவது 27, 28 அங்குல ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி). விரலுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கே: நண்பரிடம் இருப்பது 1.65 குதிரைத்திறன் 46. நான் தேடிப்பிடித்து 2.1 குதிரைத்திறன் உள்ள வேறொரு 46 வாங்கினேன். அவர் விமானம் செங்குத்தாக ஏறுகிறது, என்னுடையது பாதியில் மூச்சு வாங்குகிறது. இரண்டும் ஒரே மாடல், ஒரே எடை. என்னை ஏமாற்றிவிட்டார்களா? – ம.ர., திருச்சி

ஏமாற்றியது பெட்டியில் இருக்கும் அந்த எண். எனக்கு இதில் பழைய ஆத்திரம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குதிரைத்திறன் எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்று பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 16,000, 17,000 ஆர்பிஎம் என்று இருக்கும். ஏரோபேட்டிக் விமானத்துக்கு மாட்டும் 11-க்கு 6 ப்ராப்போடு (11 அங்குல நீளம், 6 அங்குல பிட்ச்; பிட்ச் என்பது ஒரு சுற்றில் ப்ராப் முன்னேற வேண்டிய தூரம்) எந்த 46-ம் அங்கே போகாது. 12,000, 13,000 பக்கம்தான் சுற்றும். அந்தச் சுற்றில் எவ்வளவு சக்தி தருகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அதை மட்டும் எந்தப் பெட்டியிலும் போட மாட்டார்கள்! பந்தய விமானத்துக்காகச் செய்த இன்ஜின், சின்ன ப்ராப்பை மாட்டி அலறவிட்டால்தான் தன் 2.1-ஐக் காட்டும். பெரிய ப்ராப்பை மாட்டினால், சாதாரண 46-ஐவிடக் கீழே இறங்கிவிடவும் கூடும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் '10-க்கு 7 ப்ராப்' என்று இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். பிட்ச் அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால், ப்ராப் எந்த வேகத்துக்காக வெட்டப்பட்டது என்று மணிக்குக் கிலோமீட்டரில் வரும். 7 அங்குலம், 13,000 சுற்று: ஏறத்தாழ 139 கி.மீ. உங்கள் விமானமோ தடித்த இறக்கை, அகலமான எலிவேட்டர் (வால் மடல்). செங்குத்தாக ஏறும்போது அது இருப்பது 40, 50 கி.மீ.யில். அந்த வேகத்தில் 7 பிட்ச் ப்ராப் காற்றைப் பின்னுக்குத் தள்ளாது, சும்மா கிழித்துக்கொண்டிருக்கும். இதுவே 12.25-க்கு 3.75 ப்ராப்பை 11,000-ல் சுற்றினால் 63 கி.மீ.தான் வரும். உச்ச வேகம் குறைந்துவிடும், இழுப்பு கூடும். மூக்கை மேலே தூக்கி விமானத்தை அந்தரத்தில் நிறுத்தும் 'ஹோவர்' செய்பவர்கள் 46-க்கு அதைத்தான் மாட்டுகிறார்கள்.

எனக்கு இது தெரிவதற்கு முன், தள்ளுபடியில் கிடைத்ததே என்று 11-க்கு 8 ப்ராப்களை ஒரு கட்டு வாங்கினேன். இன்றுவரை பெயின்ட் கலக்கத்தான் பயன்படுகின்றன.

இனி யாராவது குதிரைத்திறன் பேசினால், பயணப் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். தராசின் ஒரு முனையைத் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள், மறுமுனையை விமானத்தின் வால் பக்கம் நைலான் கயிற்றால் கட்டுங்கள். ஒருவர் இறக்கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் நின்றபடி முழு த்ராட்டில் கொடுங்கள். ப்ராப்புக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. தராசு காட்டும் கிலோ விமானத்தின் எடைக்குச் சமமாக இருந்தால் செங்குத்தில் தொங்கும், ஏறச் சிணுங்கும். ஒன்றேகால் மடங்கு என்றால் சாகசத்துக்கு நல்லது. ஹோவர் போன்ற 3டி சாகசம் வேண்டுமா, ஒன்றரை மடங்கு வேண்டும். இன்ஜினை மாற்றுவதற்கு முன் ப்ராப்பை மாற்றிப் பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

கே: புது இன்ஜின். கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே வரும்போது இறுகிப் பிடிக்கிறது. டிஃபெக்ட் பீஸா? கடைக்காரர் 'அப்படித்தான் சார் இருக்கும்' என்று மழுப்புகிறார். – லோ., ஈரோடு

மழுப்பவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார். பிஸ்டனில் ரிங் இல்லாத ஏபிசி (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை உள்சுவர்) வகை சிலிண்டர் மேல்புறம் லேசாகக் குறுகியிருக்கும். சூடேறி விரிந்தால் சரியான இடைவெளி வந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது சும்மா சும்மா சுற்றிப் பார்க்காதீர்கள், தேய்வதுதான் மிச்சம். ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கே: என் மகனுக்காக இணையக் கடை ஒன்றில் 46 இன்ஜின் ஆர்டர் செய்தேன், இரட்டை பால் பேரிங் என்று போட்டிருந்தது. பெட்டியில் வந்தது 40, அதுவும் புஷ் பேரிங் (குண்டுகள் இல்லாத வெறும் உலோக வளையம்). 'ரெண்டும் ஒண்ணுதான் மேடம், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. – ஒரு தாய், மதுரை

அம்மா, ரெண்டும் ஒன்றல்ல. ஒரு சி.சி. குறைவு, புஷ் என்பதால் சக்தியும் குறைவு. அந்த விமானம் பறக்கும், சாகசம் செய்யாது. இன்ஜினைப் பற்றித் தெரியாத ஒரு தாய் என்று நினைத்து இப்படிப் பேசியிருக்கிறார்கள். எனக்குப் படிக்கும்போதே கை துருதுருத்தது.

இன்ஜினை ஓட்டவே வேண்டாம். பெட்டி, லேபிள், பில், இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கடையின் விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு குறைதீர் அதிகாரி என்று அவர்கள் தளத்தில் பெயர் போட்டிருப்பவருக்கு மின்னஞ்சல். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு அந்த விதிகள் இடம் தரவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் இந்த மாதிரி விஷயத்தில் அது செல்லாது.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915-க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே குரல் மாறிவிடும். மாறாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: விளம்பரம் பார்த்து ஒருவரிடம் 'ஒருமுறைகூட ஓட்டாத' 61 வாங்கினேன். பின்மூடியைத் திறந்தால் பேரிங் முழுக்கத் துரு. போனை எடுக்க மாட்டேன் என்கிறார். நுகர்வோர் ஆணையம் போகலாமா? – ப.கு., தூத்துக்குடி

வருத்தமாக இருக்கிறது. அவர் வியாபாரி இல்லை, சொந்தப் பொருளை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம் எடுத்துக்கொள்ளாது. பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்று காட்ட முடிந்தால் போலீஸ் புகார், இல்லாவிட்டால் சிவில் வழக்கு. விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆனால் இன்ஜின் அடியோடு வீணாகிவிடவில்லை. இரண்டு பேரிங்கையும் மாற்றிவிட்டு, லைனரில் (சிலிண்டரின் உள்சுவரில்) கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் ஓடும். இந்த இன்ஜின்களின் எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும், ஓட்டி முடித்து எண்ணெய் விடாமல் மூடி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பேரிங் காலி. 'ஓட்டாத' இன்ஜினில் துரு என்றால் பெரும்பாலும் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த முறை நேரில் பாருங்கள். தலைப்பகுதி ஸ்க்ரூக்களின் பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிஸ்டனை மேலே நிறுத்திவிட்டு ப்ராப்பை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டுங்கள், டொக் டொக் என்றால் கனெக்டிங் ராடு தேய்ந்துவிட்டது. மவுன்ட் காதுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் அது எங்கேயோ மூக்கால் குத்திய இன்ஜின். இதெல்லாம் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். விற்பவர் அதற்கு விடவில்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கே: பண்டிகை ஆஃபரில் 55 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வாங்கிவிட்டேன். இதற்குத் தகுந்த சிக்கனமான விமானம் சொல்லுங்கள். – பெயர் வேண்டாம், சென்னை

கடிவாளம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டுக் குதிரை கேட்கிறீர்கள். சிக்கனம் என்ற சொல்லை மறந்துவிடுங்கள். இதற்கு 2.2 மீட்டர் இறக்கை வேண்டும், 7, 8 கிலோ விமானம் வேண்டும், ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பரப்புக்கும் மெட்டல் கியர் கொண்ட வலுவான சர்வோ வேண்டும், 22 அல்லது 23 அங்குல ப்ராப் வேண்டும், அதை ஏற்றிப்போக ஒரு வண்டியும் வேண்டும். ஆஃபரில் மிச்சம் பிடித்தது சர்வோவுக்கே காணாது. பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள்.

கே: டூ ஸ்ட்ரோக் 46-க்குப் பதிலாக ஃபோர் ஸ்ட்ரோக் போட ஆசை. அதே 46 எடுக்கலாமா? – ஜெ., யாழ்ப்பாணம்

அதே அளவு எடுத்தால் சக்தி போதாது. 46 இருந்த இடத்தில் 70, 61 இருந்த இடத்தில் 91. சத்தம் இனிமை, எரிபொருள் மிச்சம், விலை ஏறத்தாழ இரட்டிப்பு. வால்வ் இடைவெளி பார்க்கச் சோம்பல்படுபவர் என்றால் வேண்டாம்.

கே: என் 60 சைஸ் விமானத்துக்கு வேண்டிய குளோ (மெத்தனால் கலந்த) எரிபொருள் கிடைக்கவில்லை. தெரிந்த கெமிக்கல் கடையில் மெத்தனால் பில் இல்லாமல் தருகிறேன் என்கிறார்கள். வாங்கி நானே விளக்கெண்ணெய் கலந்துகொள்ளலாமா? – வி., விழுப்புரம்

வேண்டாம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 'மாடல் விமானத்துக்கு' என்று நீங்கள் சொல்வதைப் போலீஸ் ஸ்டேஷனில் யாரும் நம்பப்போவதில்லை. சட்டத்தை விடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே.

உரிமத்தோடு கலந்து, பில்லோடு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) இல்லாத கலவையாக இருந்தாலும் பரவாயில்லை, குறைந்த சுற்றில் ஓடும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். அப்படி ஒருவர் உங்கள் பக்கம் இல்லையென்றால் அடுத்த விமானத்தை 20 சி.சி. பெட்ரோலுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது இருக்கும் 60 சைஸ் விமானத்தில் அந்த பெட்ரோல் இன்ஜினைத் திணித்தால், இக்னிஷன், அதன் பேட்டரி எல்லாம் சேர்ந்து மூக்கில் கால் கிலோ ஏறும். பம்பில் வரும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அதுவும் ஈரத்தை இழுக்கும். பறந்து முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கே: எண்ணெய் பிசுக்கே வேண்டாம், மோட்டார் போடுகிறேன். 46-க்குச் சமமாக எத்தனை வாட்? – ந., கோலாலம்பூர்

கிலோவுக்கு 330 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3டி என்றால் 440. 2.5 கிலோ விமானத்துக்கு 825 வாட். அதை மோட்டார் பெட்டியில் படிக்காதீர்கள், வாட் மீட்டர் மாட்டி அளந்து பாருங்கள். மோட்டார் பெட்டிக்காரர்களும் இன்ஜின் பெட்டிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள்தான்.