சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மகளுக்குக் கட்-ஆஃப் 176. அவள் சிவில்தான் வேண்டும் என்கிறாள், வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். "சிவில் படித்தவர்கள் கடைசியில் என்னதான் ஆகிறார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். நானும் சிவில் படித்தவன்தான், 1997-இல் சேர்ந்து 2001-இல் வெளியே வந்த செட். எங்கள் செட் சமீபத்தில் ஒன்றுகூடியது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளாளுக்குக் கதையை அவிழ்த்துவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

முதலில் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் சேரும்போது கம்ப்யூட்டர் படித்தால் நேரே அமெரிக்கா என்று ஊரே பேசியது. 2001-இல் டாட்காம் என்ற இணைய நிறுவனங்களின் அலை சரிந்ததும், கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருந்த கம்ப்யூட்டர்காரர்களே வீட்டில் உட்கார்ந்தார்கள். சரி, அரசு வேலைக்குப் படிக்கலாம் என்றால், அந்த நவம்பரில் தமிழக அரசு புது நியமனங்களுக்குத் தடை போட்டது. தடை நீங்க 2006 ஆகிவிட்டது. எங்களுக்குக் கைகொடுத்தது யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று: தங்க நாற்கரச் சாலை. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தாவை இணைக்கும் அந்த வேலை அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமும் நெல்லூர்ப் பக்கமும் எங்கள் பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1997-இல் எந்த மாமாவும் இதைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. 2021-இல் ஐடி நிறுவனங்கள் வாரி வாரி ஆள் எடுத்ததும், 2023-இல் ஆஃபர் கொடுத்தவர்களையே மாதக்கணக்கில் காக்க வைத்ததும் உங்களுக்கே தெரியும். சேரும் வருஷத்து நிலவரத்தைப் பார்த்துப் பிரிவு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி ஆட்கள். சாலை வேலையிலிருந்து துபாய் போன ஒருவன், 2009-இல் அங்கே கட்டுமானம் படுத்ததும் பெட்டியோடு திரும்பி வந்தான். இங்கே மெட்ரோ ரயில் வேலை தொடங்கியிருந்தது, அதில் நுழைந்தான், இன்னமும் சுரங்கப்பாதை வேலைதான். பொதுப்பணித் துறையில் இருப்பவன் தடை நீங்கிய பிறகு தேர்வு எழுதிப் போனவன். அதுவரை டியூஷன் எடுத்தான், வீட்டில் பேச்சு வாங்கினான். சொந்தமாக காண்ட்ராக்ட் எடுத்தவன் 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்த பிறகு மாட்டிக்கொண்டான், கடனை அடைக்கச் சில வருஷம் ஆனது. சாஃப்ட்வேருக்குப் போனவர்களும் உண்டு, நன்றாகவே இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்காக ஒருத்தியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முதல் வேலை அடுக்குமாடி சைட்டில். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டாளாம். ஒரு நாள் தளம் போடும்போது கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, வைக்காததைப் பார்த்து வேலையை நிறுத்தினாள். "ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் தளம் போடுறேன்" என்றார் மேஸ்திரி. கலவை இறுகிவிடும் என்று லாரி டிரைவர் ஒரு பக்கம் கத்துகிறார். இவள் பதில் பேசாமல் தானே குனிந்து ஒரு வரிசைக்கு வைத்துக் காட்டினாள், மிச்சத்தை அவர்களே வைத்தார்கள். கல்யாணம், இரண்டு குழந்தைகள், பல வருஷம் வேலை இல்லை. திரும்பி வந்தது எஸ்டிமேஷன் வழியாக. வரைபடத்தைப் பார்த்து இவ்வளவு கம்பி, இவ்வளவு கான்கிரீட் என்று கணக்குப் போடும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். சைட்டில் பில்லிங், அதாவது முடிந்த வேலையை அளந்து பில் போடுவது, பார்த்திருந்ததால் அது அவளுக்குக் கைவந்தது. இப்போது சின்னதாக ஆபீஸ் போட்டு ஆள் வைத்து நடத்துகிறாள்.

நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன எல்லோரிடமும் ஒரு சங்கதி பொதுவாக இருந்தது. முதல் மூன்று நான்கு வருஷத்தில் ஏதாவது ஒரு வேலையைக் கை படப் படித்திருந்தார்கள். சர்வே, பில்லிங், கம்பிக் கணக்கு, எதுவாகவும் இருக்கட்டும். "அவனைக் கூப்பிடு, அவனுக்குத் தெரியும்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஊர் மாறினாலும் நாடு மாறினாலும் சோறு போட்டது அதுதான்.

ஆனால் இது வந்தவர்களின் கதை. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு வராதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும், கல்லூரி விளம்பரத்தில் அவர்கள் படம் இருக்காது. வராத சிலரிடம் போனில் பேசினேன். ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். "எனக்குக் கட்டடமே புடிக்காதுடா, அப்பாதான் சேத்துவிட்டாரு" என்றான். உங்கள் வீட்டில் விஷயம் தலைகீழாக இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

சிவிலின் கஷ்டத்தையும் மறைக்கப் போவதில்லை. ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் ஐடியைவிடக் குறைவு, சில வருஷமாவது பல்லைக் கடிக்க வேண்டும். சனிக்கிழமை லீவு அபூர்வம். ஊர் ஊராகப் போகச் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களின் சைட்டில் இப்போது வசதி பரவாயில்லை, சின்ன காண்ட்ராக்டரிடம் அதே பழைய கதைதான். இதையெல்லாம் மகளிடம் சொல்லுங்கள், பயமுறுத்துகிற தொனியில் வேண்டாம். எங்களைப் போல நரைத்தவர்களைவிட, படித்து முடித்து மூன்று வருஷம் ஆன ஒரு பெண்ணிடம் அவளைப் பேச வையுங்கள். சம்பளத்தைக் கேட்பதைவிட, நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தாய் என்று கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் தளம் போடும் நாளில் ஏதாவது ஒரு சைட்டுக்கு அழைத்துப் போங்கள், தெரிந்த மேஸ்திரி ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார். மத்தியானம் வரை நின்ற பிறகும் சிவில்தான் என்றால், தடுக்காதீர்கள்.

கல்லூரியை வேலை நாளில் போய்ப் பாருங்கள். சர்வே லேபில், நிலத்தை அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கவுன்சிலிங்கில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசைதான் முக்கியம். பட்டியலில் மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கேட்க முடியாது. உறவுக்காரர்களைச் சமாதானப்படுத்த கம்ப்யூட்டரை மேலே போட்டுவைத்தால், இடம் இருந்தால் அதுதான் கிடைக்கும். வரிசையை அவளே போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரிக் குறியீட்டு எண்ணை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள், ஏறக்குறைய ஒரே பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன.