சிறுநீர் குறைந்த நாய்: வலி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, சிறுநீரும் குறைந்துவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில்தான் சுற்றும். வலி மாத்திரை கொடுக்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம். நமக்கான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். இன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், பக்கத்தில் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது போய்விடுங்கள்.

எனக்கு எலிக்காய்ச்சல் சந்தேகம்; எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து வருவது, சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கிவிடும். ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியேட்டினின், யூரியாவையும், பொட்டாசியத்தையும் பார்ப்பார்கள், ஸ்கேனும் எடுப்பார்கள். சிறுநீரின் அடர்த்தியை மட்டும் சலைன் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உடம்பில் நீர் வற்றிய நிலையிலும் அது கெட்டியாகாமல் 1.010 அளவிலேயே நின்றால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம், சலைன் ஏறிவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

அப்புறம் சலைன், வாந்திக்கு ஊசி, எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். வராத நாய்க்குச் சலைனை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாய் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.